இடது ஓரம்

கெப்பாலா பத்தாஸ்
14 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

ஜெகா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போனில் நாற்பது முறையாவது கூப்பிட்டிருப்பேன், நீங்கள் எடுக்கவில்லை. போன வாரம் நேரில் வந்தேன். உங்கள் மகன் யுகேந்திரன்தான் கதவைப் பாதி திறந்து, "அப்பா தூங்குறாரு அத்தை. இன்னொரு நாளைக்கு வாங்க," என்றான். உள்ளே உங்கள் இருமல் கேட்டது. தூங்குகிற மனுஷன் அப்படி இருமமாட்டான். பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். டிப்போவுக்குப் போய்ச் சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி ஆயர் ஈத்தாம் பசார் முன்னால் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவியது. வாய் கோணியது. பஸ்ஸை ஓரம்கட்டினீர்கள், பதினைந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆனது, டிப்போவுக்குத் தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கும்பிட்டுவிட்டு வீட்டில் இருந்திருந்தால் நான் ஏன் டிப்போ வாசலை மிதிக்கப் போகிறேன்? அடுத்த வாரமே வேலைக்குப் போகிறேன், யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். பஸ்ஸில் நாற்பது பேர் அண்ணே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் இமான் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். கழுத்தின் வலது பக்கம் மூளைக்கு ஏறும் ரத்தக் குழாயில் நூற்றுக்கு எண்பது பங்கு அடைப்பு. அன்று வந்தது எச்சரிக்கை. அடுத்தது எச்சரித்துவிட்டு வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் உள்ளே இருந்தபோது நானும் உங்கள் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டோம். அண்ணன் எழுந்து நடந்தால் வருகிற தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பார் என்று வேண்டிக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் வேண்டியது தப்புதான். ஆனால் சாமியிடம் சொன்னது சொன்னதுதான். அதற்காகவாவது பதில் போடுங்கள்.

தங்கச்சி,
ஜெகதீஸ்வரி


ஆயர் ஈத்தாம்
3 நவம்பர் 2024

ஜெகா,

கிழிக்கவில்லை. மேசை மேலேயே கிடந்தது. மூன்று நாள் கழித்துத்தான் படித்தேன்.

தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கை யுகேந்திரன் தின்றான். நான் தொடவில்லை. இரண்டுதான் தின்றேன். உப்பு கூட.

இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. டிப்போவில் சாவி கொடுக்கிற அப்துல் ஹமீது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, உங்க தங்கச்சியே வந்து சொல்லிட்டாங்க. இனிமே நான் எப்படி கீ குடுப்பேன்?" என்றார். தங்கச்சியே. அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. வயிற்றில் அடித்திருந்தால் பொறுத்திருப்பேன். நீ முகத்தில் அடித்தாய். கீழே காப்பிக் கடைக்குப் போனால் "என்ன டிரைவர், ஓய்வா?" என்கிறார்கள். நான் போவதை நிறுத்திவிட்டேன். கூண்டில் போட்ட கோழி மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறேன்.

போனில் பேசமாட்டேன். கோபம் ஒன்று. சில நேரம் நாக்கு தடித்துப்போகிறது, அது இன்னொன்று. நீ "என்னது? என்னது?" என்று கேட்பாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரிடம் வாங்கிய அடியெல்லாம் இதற்காவது உதவட்டும்.

அந்த வேண்டுதல் விஷயம். என்ன காவடி? எத்தனை அலகு? எங்கே? சரியாகச் சொல். சாமி காரியத்தில் அரைகுறை கூடாது. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஊரையே பஸ்ஸில் ஏற்றி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டேன். நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. எல்லா வருஷமும் டியூட்டி. இந்த வருஷம் டியூட்டி கிடையாது, உன் புண்ணியத்தில்.

புவனேஸ்வரன்


கெப்பாலா பத்தாஸ்
10 நவம்பர் 2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை கிளினிக்கில் மருந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றே படித்தேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "என்னம்மா, அழறீங்களா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். முறுக்கில் உப்பு கூட என்று திட்டுவதற்கு எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தானே.

கன்னத்தில் ஒரு வேல். முதுகில் பதினாறு சின்னக் கொக்கி. அவ்வளவுதான் வேண்டிக்கொண்டேன். நல்லமுத்து அண்ணன் குத்தினால் வலிக்காது என்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஆபரேஷன். அன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் டாக்டர் இமான் என்னிடம்தான் விளக்கமாகச் சொன்னார். கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, உள்ளே படிந்த கொழுப்பை வழித்தெடுத்துத் தைத்துவிடுவார்கள். இந்த அளவு அடைப்பு இருந்து ஒருமுறை கை விழுந்தும் போனவர்கள் நூறு பேர் மாத்திரையை மட்டும் நம்பி இருந்தால், இரண்டு வருடத்துக்குள் இருபத்தைந்து பேருக்காவது பெரிய வாதம் வரும். வழித்தெடுத்துவிட்டால் பத்துப் பேருக்கும் குறைவு. கத்தியிலேயே ஆபத்து உண்டு, அதையும் மறைக்காமல் சொன்னார். சீக்கிரம் செய்தால்தான் முழுப் பலன். ஏற்கனவே இரண்டு மாதம் ஓட்டிவிட்டீர்கள்.

அதுவரை அந்த இரண்டு ரத்த மாத்திரையும், கொழுப்பு மாத்திரையும். ரத்தம் குழாயில் கட்டிப்போகாமல் பார்த்துக்கொள்வது அந்த இரண்டும்தான். தினமும் எத்தனையோ பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, "ஒருநாளும் விடாதீங்க," என்று சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. சொந்த அண்ணனுக்குக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. விடாதீர்கள்.

ஜெகா


ஆயர் ஈத்தாம்
8 டிசம்பர் 2024

ஜெகா,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யுகேந்திரன் கூட்டிப்போனான். ஜனவரி பதினாறு என்று தேதி கொடுத்தார்கள். நான் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். குதிக்காதே. டிசம்பர் இருபத்தாறாம் தேதி மாலை போடுகிறேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். விரதத்தில் உடம்பில் கத்தி படலாமா? அந்த டாக்டர் பெண் இமான் நல்ல பிள்ளை. "பாக்சிக், ஊபாத் ஜாங்ஙான் திங்கால்," என்று மலாயில் விரலை ஆட்டிச் சொன்னது. மருந்தை விடக்கூடாதாம். உன்னை மாதிரியே ஆட்டுகிறது விரலை. தைப்பூசம் முடிந்த மறுவாரம் தேதி தருகிறேன் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னது.

நல்லமுத்துவைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அலகு குத்துகிறார். "விரதம் சுத்தமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் வராதுண்ணே. வந்துச்சுன்னா எங்கேயோ பிசகுன்னு அர்த்தம். ஜனங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க," என்றார். நான் சுத்தமாக இருப்பேன் என்றேன்.

போன வாரம் சவரம் செய்யும்போது தாடையில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். அரை மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. துண்டே நனைந்துவிட்டது. அந்த மாத்திரை செய்கிற வேலையோ?

கேட்க வந்ததை மறந்துவிட்டேன். கடவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, பிடுங்கவேண்டும். உன் கவுண்டரில் இந்த மாத்திரை போடுகிறவர்கள் பல் பிடுங்கப் போனால் எத்தனை நாளைக்கு முன்னால் நிறுத்தச் சொல்வார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

செவ்வாய்க்கிழமை டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் மேலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கியது. இரண்டு நிமிடம் இருந்து மேலே போய்விட்டது. வயசாகிறது.

புவனேஸ்வரன்


கெப்பாலா பத்தாஸ்
15 டிசம்பர் 2024

அண்ணே,

வயசா? ஐம்பத்தேழு வயசு ஒரு வயசா? கண்ணில் திரை இறங்கியதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதுகிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நீங்கள். எங்கள் கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். அடைப்பிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து கண்ணுக்குப் போயிருக்கிறது, அதே துணுக்கு இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் மூளை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். உடனே போங்கள். யுகேந்திரனுக்கு மெசேஜ் அனுப்பினேன். "அப்பா வரமாட்டேங்கறாரு அத்தை," என்று ஒரு வரியில் பதில் போட்டான்.

ஜனவரித் தேதியை விட்டது பெரிய தப்பு. முருகன் என்ன, ஆபரேஷன் செய்துகொண்டு அடுத்த வருடம் வந்தால் கோபித்துக்கொள்வாரா? இதை நானே சொல்கிறேன், வேண்டிக்கொண்ட நானே.

பல் விஷயம். சிலருக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். அந்த மாத்திரையின் வேகம் ரத்தத்தில் ஏழு நாள் வரை இருக்கும், அதற்குப் பிறகுதான் ரத்தம் பழையபடி உறையும். ஆனால் உங்கள் நிலைமை வேறு. நிறுத்தலாமா கூடாதா என்று டாக்டர் இமான்தான் சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தக்கூடாது. எந்தப் பல் கிளினிக், என்று போகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.

இன்னொன்று. ஏன் இடது பக்கம் மூன்று விரல் அகலம் விட்டுவிட்டு எழுதுகிறீர்கள்? போன கடிதத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. தாள் என்ன ஓசியில் கிடைக்கிறதா?

நானும் பால்குடம் எடுக்கிறேன். அது என் வேண்டுதல். உங்களுக்குப் பின்னால்தான் நடப்பேன்.

ஜெகா


ஆயர் ஈத்தாம்
3 பிப்ரவரி 2025

ஜெகா,

கோபமெல்லாம் போய்விட்டது. மாலை போட்டவன் யார் மீதும் கோபம் வைக்கக்கூடாது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. நிஜமாகவே போய்விட்டது. முப்பத்தொன்பது நாளாக ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, குளிர்ந்த தண்ணீரில் குளியல். உடம்பு கட்டை மாதிரி இறுகியிருக்கிறது. காப்பிக் கடைக்கு மறுபடி போகிறேன். காவி வேட்டியோடு போனால் யாரும் ஓய்வா என்று கேட்பதில்லை. "சாமி, உக்காருங்க," என்கிறார்கள். கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேகூட நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

பல் விஷயத்தை நானே பார்த்துக்கொண்டேன். நீ சொன்ன கணக்கு உதவியாக இருந்தது. நீ வரவேண்டிய அவசியமில்லை. பல் கிளினிக் எது என்று கேட்டுத் தொல்லை செய்யாதே.

முதுகில் பதினாறு போதாது என்று இருபத்தொன்று என்று நல்லமுத்துவிடம் சொல்லிவிட்டேன். சொச்சம் எதற்கு என்றார். முருகனுக்கு என் பங்கு என்றேன். கவலைப்படாதே, ஒரு சொட்டும் வராது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இடது செருப்பு அடிக்கடி கழன்றுவிடுகிறது. எங்கே கழன்றது என்று திரும்பிப் போய்த் தேடவேண்டியிருக்கிறது. மலைக்குத்தான் செருப்பு இல்லாமல் போகிறோமே.

பதினோராம் தேதி காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் நல்லமுத்துவின் கொட்டகை. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வா. அங்கே பார்ப்போம்.

அண்ணன்,
புவனேஸ்வரன்


கெப்பாலா பத்தாஸ்
25 பிப்ரவரி 2025

அண்ணே,

நீங்கள் படிக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் யுகேந்திரன் படித்துக் காட்டட்டும்.

தைப்பூசத்தன்று உங்களைப் பார்த்து நான் அழுதது பக்தியில் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் கன்னத்தில் வேல் ஏறியபோது கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை. இருபத்தொரு கொக்கி, ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா, விரதம்னா இதுதான்," என்று யாரோ ஒரு அம்மா என் காதருகில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்நூற்றுச் சொச்சம் படியும் நிமிர்ந்து ஏறினீர்கள். மருந்து கவுண்டரில் பதினெட்டு வருடம் நின்றவள், இரண்டு ரத்த மாத்திரை போடுகிற உடம்பில் ரத்தம் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வேல் வேல் என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

மூன்றாம் நாள், விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசைக்குக் குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டீர்கள். உங்கள் அலமாரியில் மாத்திரை அட்டைகளை யுகேந்திரன்தான் கண்டுபிடித்தான். பிப்ரவரி முதல் தேதிக்குப் பிறகு ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஆடுகிற பல்லும் இல்லை, பல் கிளினிக்கும் இல்லை. ஏழு நாள் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நவம்பரில் இடது ஓரம் ஒரு விரல், டிசம்பரில் மூன்று விரல், பிப்ரவரியில் பாதித் தாள் வெறுமை. அதையும் தாள் வீண் என்றுதான் பார்த்தேன்.

வார்டில் மூன்று நாள் உங்கள் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து, விழுந்துபோன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வலது பக்கச் சன்னலையே பார்த்தபடி கிடந்தீர்கள். "அண்ணே, அண்ணே," என்று கூப்பிட்டேன். முகத்தை இன்னும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் வந்து நிற்பது உங்களுக்கு வேதனை என்றால் இனி வரவில்லை.

ஜெகதீஸ்வரி


ஆயர் ஈத்தாம்
16 மார்ச் 2025

ஜெகா,

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கை எழுதுகிறது. இதை எழுத நான்கு நாள் ஆனது. வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வந்ததே எனக்குத் தெரியாது. யாரும் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எங்கோ தூரத்தில், கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்கும். சன்னல் பக்கம் தேடுவேன், இருக்கமாட்டாய். மூன்று நாள் தேடினேன். இவளும் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதத்தை யுகேந்திரன் படித்ததும் டாக்டர் இமானிடம் கேட்டான். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு உலகத்தின் இடது பாதியே இல்லாமல் போய்விடுமாம். கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சோற்றைப் பாதித் தட்டோடு நிறுத்திவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறேனாம். தட்டைத் திருப்பி வைத்தால் மீதி முளைக்கிறது. வேடிக்கைதான்.

நடக்கிறேன். ஒரு கம்பு, ஒரு சுவர். கை செத்துக் கிடக்கிறது.

மாத்திரையை நிறுத்தியது நான். நீ நிறுத்தாதே என்று எழுதிய வரியையும் படித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். இடும்பன் பூசை முடிந்து அன்று மத்தியானமே போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்திருந்தேன். அரை நாள் பிந்திவிட்டது. பஸ்ஸும் சில நாள் அப்படிப் பிந்தும்.

ஆனால் ஒரு சொட்டு வரவில்லை, பார்த்தாய் அல்லவா?

அண்ணன்


கெப்பாலா பத்தாஸ்
23 மார்ச் 2025

அண்ணே,

மூன்று நாள் என்னைத் தேடினீர்கள் என்பதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மருந்துக் காரியம். டாக்டர் இமானிடம் போனில் பேசினேன். குழாய் முழுதாக மூடிவிடவில்லை, இன்னும் ஒரு நூல் அளவு ரத்தம் ஏறுகிறது. காயம்பட்ட மூளை கொஞ்சம் ஆறினால் வழித்தெடுக்கலாம் என்று ஏப்ரல் இருபத்திரண்டு தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை இன்னொன்று வராமல் இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். முதல் மூன்று மாதத்தில்தான் உடம்பு அதிகமாகத் திரும்பும், ஆறு மாதம் வரை ஏறும், பிறகு மெதுவாக. கால் முந்தி வரும், கை பிந்தி வரும். இடது பக்கம் தெரியாமல் போனது பலருக்கு வாரக்கணக்கில் சரியாகிவிடும், சிலருக்கு ஆவதில்லை. "இன்னொரு தடவை வந்தா நான் எதுவும் சொல்ல முடியாது," என்றார். மாத்திரை ஒருநாள்கூடத் தவறக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஏப்ரலிலிருந்து யுகேந்திரனுக்கு விடியற்காலை ஷிப்ட் என்பதால் உங்கள் கையில் மாத்திரை வைக்க ஆள் இருக்காது. அதனால் நானே எண்ணிப் போட்டு இரண்டு நீல மூடிப் பெட்டி அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஏழு அறை. சாப்பாட்டு மேசையிலேயே வைக்கச் சொன்னேன், சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் படும். எழுதுவதற்குக் கொஞ்சம் தாளும் அனுப்பியிருக்கிறேன். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு தெரியும்வரை தலையைத் திருப்பிவிட்டுப் பிறகு எழுத ஆரம்பியுங்கள். பிசியோ சொல்லிக்கொடுத்த வழி.

இனி என் பாவம். நான் அலகு வேண்டிக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பால்குடம்தான் வேண்டிக்கொண்டேன், என் தலையில், என் காலில். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். என் பேச்சுக்கு வரமாட்டீர்கள், சாமி பேச்சுக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு பதில் வாங்குவதற்காக எழுதிய பொய் அது. வேலும் கொக்கியும் நீங்கள் கேட்ட பிறகு நான் உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு. இல்லாத வேண்டுதலுக்கு உங்களை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறேன்.

உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. இதற்கு நீங்கள் என்ன எழுதினாலும் சரி, வா என்று எழுதினால் வருகிறேன். அதுவரை வரமாட்டேன். போனும் செய்யமாட்டேன்.

ஜெகா


ஆயர் ஈத்தாம்
12 ஏப்ரல் 2025

ஜெகா,

தெரியும்.

டிசம்பரிலேயே தெரியும். மாலை போடுவதற்கு முன்னால் தனலெட்சுமி அக்கா வந்து, "அலகா? உங்க தங்கச்சி பால்குடம்னுதானே கும்பிட்டா, நான் பக்கத்துலதானே நின்னேன்," என்றார். நான் அவர் வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். பிறகும் ஏன் எடுத்தேன் என்று கேட்பாய். சாமி பேரைச் சொல்லி நீ ஒரு வார்த்தை விட்டுவிட்டாய், அது பொய்யாகப் போனால் தோஷம் உனக்குத்தானே. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதை உன்மேல் போடமாட்டேன். டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தவன் நான். ஜனங்கள் முன்னால் ஒருமுறை நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடந்தேன். அதற்கு யாரும் பழியில்லை.

அதனால் வா. இந்த முறை யுகேந்திரன் வந்து கதவைப் பாதி திறக்கமாட்டான். நானே திறப்பேன், கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. தலை பாரமாக இருக்கிறது, நான்கு வரி எழுதினால் தூக்கம் வருகிறது. நேற்று பேனா இரண்டு முறை விழுந்தது. நாக்கும் மறுபடி தடிக்கிறது. ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

நீ அனுப்பிய தாளில்தான் எழுதுகிறேன். சிவப்புக் கோடு போட்டிருப்பதாகச் சொன்னாயே, எதிலும் காணோம். மறந்துவிட்டாய் போல. பரவாயில்லை.

ஒரு விஷயம், யுகேந்திரனைத் திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சொல்வேன். அந்த நீலப் பெட்டிகளை அவன் எங்கோ தொலைத்துவிட்டான். இரண்டு வாரமாகிறது. "மேசை மேலயே வச்சிருக்கேன்பா," என்கிறான். ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவன், வேறு எங்காவது வைத்திருப்பான். ராத்திரி வந்ததும், "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்பான். போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். தொலைத்தது தெரிந்தால் பிள்ளை உடைந்துபோவான். நீ வரும்போது யாருக்கும் தெரியாமல் புதிதாக இரண்டு பெட்டி கொண்டுவா.

இன்று மத்தியானமும் மேசையை நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். தனலெட்சுமி அக்கா வைத்துவிட்டுப் போன சோறும் ஒரு துண்டு மீனும்தான் இருந்தன. அதுவும் இப்போதெல்லாம் பாதித் தட்டுதான் வைக்கிறார்.

அண்ணன்,
புவனேஸ்வரன்